செங்கோண முனையில் டீக்கடை

பஸ் நிறுத்தத்திலிருந்து என் கடைக்கு
அறுபத்திரண்டு தப்படி.
கடையிலிருந்து பள்ளிக்கூட கேட்டுக்கு
எண்பத்தைந்து.
பால் வண்டி வருமுன் நடந்து எண்ணினேன்,
இரண்டு தடவை.
இரண்டாம் தடவை எண்பத்தாறு வந்தது,
செருப்பு வார் அறுந்ததால்.
அதைச் சேர்க்கவில்லை.

பள்ளத்தூரில் இந்த ஊரணியை வெட்டியவர்கள்
மூலைமட்டம் வைத்துத்தான் வெட்டியிருக்கிறார்கள்.
வடகரையும் மேல்கரையும் சேருமிடத்தில்
செம்புறாங்கல் வரிசை
மடித்த வேட்டிபோல் நறுக்கென்று திரும்புகிறது.
அந்தத் திருப்பத்தில் என் பாய்லர்.

மாசியில் தண்ணீர் வற்றியது.
சித்திரையில் சேறு பாளம் பாளமாக வெடித்தது.
வைகாசியில் யாரோ ஒருவர் குறுக்கே இறங்கினார்.
ஆனியில் பள்ளி திறந்ததும் எல்லாரும்.
தரையில் வெள்ளையாய் ஒரு கோடு விழுந்தது,
என் கடையைத் தொடாத ஒரே பக்கம்.

செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம்.
பத்தாம் வகுப்பில் இதற்கு இரண்டு மார்க்.
அப்போது வாங்கவில்லை.
இப்போது, கிழித்த நாள்காட்டித் தாளின் முதுகில்
அறுபத்திரண்டை அதனாலேயே பெருக்குகிறேன்,
எண்பத்தைந்தை அதனாலேயே.
கூட்டினால் பதினோராயிரத்து அறுபத்தொன்பது.
வர்க்கமூலத்தை போன் சொன்னது:
நூற்றைந்தும் சில்லறையும்.

ஆக, என்னைத் தவிர்ப்பதில் ஆளுக்கு மிச்சம்
நாற்பத்தொரு தப்படி, சில்லறை தனி.
டீ பன்னிரண்டு ரூபாய்.
பத்தாக்கினேன்.
உளுந்த வடை போட்டேன்.
கண்டக்டர் சாத்தையா மட்டும் கேட்டார்,
அதுவும் பஸ்ஸிலிருந்தபடியே கையைத் தூக்கி.
போக வர நூற்றிருபத்துநான்கு, எனக்கு.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் ஊற்றியது.
கோடு கரைந்தது.
படிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.
ஊரே என் மூலைவரை வந்து திரும்பியது.
கிளாஸ் கழுவ நேரமில்லை.

ஐந்தாம் நாள், எட்டே முக்காலுக்கு,
சட்டையைத் தலையில் முண்டாசு கட்டி
நேராகத் தண்ணீரில் இறங்கினான்
ஒன்பதாம் வகுப்பு இருளப்பன்.
"போர்டைப் படிடா!"
"குளிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு.
கடக்கக் கூடாதுன்னு போடலையே அக்கா!"

நீச்சலுக்குத் தப்படி கிடையாது.
கைவீச்சை எண்ணினேன்.
எழுபத்துமூன்றில் டீ கேட்ட கூட்டம் மறைத்துவிட்டது.
பிறகு பார்த்தால்
அங்கே பள்ளிக்கூடப் படியில் நிற்கிறான்,
பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டு.

பாய்லரை அப்படியே விட்டுவிட்டு
கிளாஸோடு எண்பத்தைந்தும் நடந்தேன்.
பாதி வழியில் ஆடை படிந்துவிட்டது.

"காசு இல்லக்கா."
"தெரியும். நாளைக்குச் சுத்தி வா."

ஊதாமலே குடித்தான்.
ஊரணியைப் பார்த்தான். கடையைப் பார்த்தான்.
"சுத்தி வந்தா எவ்வளவு கூடுதல்?"
"நாப்பத்தொண்ணு," என்றேன்.
"சில்லறையை விட்டுடு."