எட்டு இறாத்தல் காற்று

ஒக்ஸானா விலையை முதலில் சொல்லமாட்டாள்.
கிரீஸ் படிந்த விரலால் தரையைக் காட்டி
"எதன் மேல் ஓடப்போகிறாய்?" என்பாள்.

சொன்னேன்.
விடிய ஐந்தே காலுக்கு வீட்டிலிருந்து
ஆஸ்பத்திரி லோண்டரி வரைக்கும்.
முதல் எட்டுத் தெரு தார்.
பிறகு மில் கிரீக் பள்ளத்துக்குள் சரளை.
பிறகு ஆற்றின் மேல் நடைபாலம்.
பிறகு ஓர் ஏற்றம்.
அதற்கு நான் வைத்திருக்கும் பெயரை
இங்கே எழுத முடியாது.

"நவம்பரில்?"
"நவம்பரில் பஸ்."
எட்மன்ரனில் நவம்பர் என்றால்
ஐந்து மாதம் என்று அவளுக்கும் தெரியும்.
உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்று சைக்கிள் ஓடிப் பார்த்தேன்.
மெல்லிய ரயர் தாரில் எண்ணெயாய் வழுகிப்போய்
சரளை தொடங்கிய இடத்தில்
என் பல்லெல்லாம் எண்ணிக் காட்டியது.
முன்னால் ஸ்பிரிங் வைத்தது கல்லுக்குச் சொகுசு;
ஏற்றத்திலோ நான் உழக்கியதில் பாதியைத்
தானே தின்றுவிட்டு மேலும் கீழும் தலையாட்டியது,
கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஓமென்பவர் மாதிரி.
மூன்றாவது பச்சை. இரும்பு.
நாலங்குல ரயர். பாரம் பதினாறு கிலோ.
யாரோ வன்கூவருக்குக் குடிபோகும்போது விட்டுப்போனது.

"இது என்ன, சைக்கிளோ உழவு மெசினோ?"
என்றான் நிமலரூபன்.

அவனுடையது கார்பன். ஏழரைக் கிலோ.
வீட்டுக்கு ஆள் வந்தால்
இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவான்.
எங்கள் முதல் காரை விட விலை.
அது ஹோலில் சுவரில் தொங்குகிறது,
கலியாணப் படம் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.
ஞாயிறுகளில் டெவன் வரை போய் வருவான்
முதுகை மடித்து, முன்சில்லையே பார்த்தபடி.
வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே
இத்தனை வாட் என்று சொல்லுவான்.
வழியில் என்ன கண்டாய் என்று கேட்டால்
எதிர்க்காற்று என்பான்.

நான் நிமிர்ந்து ஓடுகிறவள்.
நின்று நின்று ஓடுகிறவள்.
சஸ்கட்டூன் பழம் கறுக்கும் கிழமைகளில்
பத்து நிமிடம் பிந்தி, நாக்கு ஊதா நிறத்தில்
வேலைக்குப் போகிறவள்.

டிசம்பரில் டெவன் ரோட்டு கண்ணாடியாய் உறைந்தது.
மூன்று ஞாயிறு அவன்
ஹோலில் கால் மாற்றிக் கால் மாற்றி நடந்தான்.
நாலாவது ஞாயிறு, மைனஸ் இருபத்திரண்டு,
முகத்தைப் பாராமல் கேட்டான்:
"உன்ரை உழவு மெசினைத் தாறியோ?"

கராஜுக்குள் பம்பின் சத்தம்.
கல்லாய் இறுகினால்தான் வேகம் என்பது
அவன் மதம்.
முப்பது இறாத்தல் ஏற்றிவிட்டான்.
பள்ளத்தின் வாசலில், புதுப் பனியில்,
முன்சில்லு ஒருபக்கம் போக
அவன் மறுபக்கம் போனான்.
மெத்தென்று விழுந்ததால்
சிரிக்க எனக்கு உரிமை இருந்தது.

குந்தியிருந்து வால்வை அமத்தினேன்.
ஸ்ஸ்ஸ்
என்று போனது, கனநேரம் போனது.
"எல்லாத்தையும் விடாதை!" என்று பதறினான்.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்,
ரொட்டிக்குக் குழைத்த மா பதம்.
எட்டு இறாத்தல்.
"இப்ப நிலம் உன்னைப் பிடிக்கும். போ."

போனான்.
முதலில் குனிந்து,
வளைவு தாண்ட முதல் நிமிர்ந்து.
பின்னால் அகலமாய் ஒரு தடம் கிடந்தது.
அதற்குள் கால் வைத்துப் பார்த்தேன்.
என் சப்பாத்துக்கு அளவாக இருந்தது.

நாற்பது நிமிடம்.
கால்விரல் பத்தும் தங்கள் பெயரை மறந்தன.
இவன் விழுந்து கிடக்கிறானோ
டெவனுக்கே போய்விட்டானோ என்று
நினைக்கத் தொடங்கியபோது
மரங்களுக்குள் பச்சை தெரிந்தது.

மீசையில் பனி.
"எத்தனை வாட்?" என்றேன்.
மூச்சு வாங்கி, கையுறையால் மூக்கைத் துடைத்து,
"நரியொண்டு," என்றான்.
"பாலத்தடியிலை. என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது.
நானும் நிண்டனான்."

நல்லது என்றேன்.
திங்கள் விடிய ஐந்தே காலுக்குச்
சைக்கிள் எனக்கு வேணும் என்றும் சொன்னேன்.