அறுபத்தொன்று

ராணாகாட்டில் எங்கள் நர்சரியில்
நாற்பது தொட்டிச் செம்பருத்தி.
அடுக்கு, ஒற்றை,
மிளகாய்போல் கடைசிவரை வாய்திறக்காதது,
இதழைக் கிழித்து ஜிமிக்கியாய்த் தொங்குவது.
இருபத்தேழாம் தொட்டிக்கு மட்டும் பெயரில்லை.

போன வருஷம் மழை தொடங்கியபோது
மஞ்சளின் மகரந்தத்தை
ஊதாவின் சூல்முடியில் தடவி
நூல் கட்டினார் நிராபதோ.
பதினோரு விதை. நான்கு முளைத்தன.
மூன்று மாவுப்பூச்சிக்கு.
மிச்சத்தோடு இரவில் பேசுவார்,
என்னோடு பேசாத குரலில்.

காளி பூஜைக்கு முந்திய விடியல்.
மாலைக்கு நூற்றெட்டு ஜவா வேண்டும்,
ஒன்று குறைந்தது.
கரண்ட் இல்லை.
கைக்குத் தட்டிய மொட்டைக் கிள்ளினேன்.

கேமராவோடு வந்தவர்
காம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மாலையில் பந்தலில் நின்று எண்ணினார்:
சிவப்பு, சிவப்பு, சிவப்பு
அறுபத்தொன்றில் சாம்பல்,
நடுவே வெற்றிலைத் துப்பல்போல் ஒரு பொட்டு.
பூசாரி முகம் சுளித்தார்.
தேவியின் நாக்கு நீண்டே இருந்தது.

அதற்குள் பூ சுருங்கத் தொடங்கியிருந்தது.
ஒரு நாள் ஆயுசு, எங்கே இருந்தாலும்.

வீட்டுக்கு வந்ததும்
டார்ச்சடியில் அட்டை எழுதிக் குத்தினார்:
'அறுபத்தொன்று.'

சந்தியாராணி என்று வைத்திருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
தண்ணீர் மட்டும் ஊற்றினேன்,
இன்னொரு மொட்டுக்கு.