ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்

ஆட்டம் மாலை ஐந்துக்கு.
காலை பதினொன்றுக்கே
ரோசாரியோவில் எங்கள் தெரு
வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறது.

என் கையில் ஆரஞ்சுத் துணி.
பழைய மேசைவிரிப்பில் கிழித்தது,
ஓரத்தில் ஒரு திராட்சைக் கொத்து
இன்னும் சாயம் போகவில்லை.
இதை அசைத்தால் இடம் பிறக்கும்.
வாங்க, வாங்க, இன்னும் வாங்க,
ஒரு சாண்,
நாலு விரல்,
நில்லுங்க.
ஹேண்ட்பிரேக் போடாதீங்க,
நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க.
முன்னால் நிற்பதைத் தள்ளினால்தான்
பின்னால் வருவதற்கு வழி.
பம்பர் இந்த ஊரில் அழகுக்கு அல்ல,
முழங்கை.

விலைப்பலகை கிடையாது.
கடைசி இடத்து அணி வந்தால் ஒரு காபிக் காசு.
ஊருக்குள்ளேயே இருக்கும் எதிரி வந்தால் மூன்று மடங்கு.
பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம்
நான் வாங்குவதில்லை,
முகத்தில் அணியின் நிறம் பூசிக்கொண்டு
அப்படிச் சொல்கிறவர்களைத் தவிர.

எதிர்ச் சாரி கீக்கேவுடையது.
மரத்தடியில் ஒன்றரை வண்டி நிற்கும் இடம்,
அதற்காக நாலு வருஷமாய்
எங்களுக்குள் பேச்சில்லை.
ஆனால் போலீஸின் இழுவை வண்டி
முனையில் மூக்கை நீட்டினால்
இரண்டு விசிலும் ஒரே மூச்சில் ஊதும்.

நாலரைக்கு எள் விழ இடமில்லை.
பஸ் கதவைத் திறந்து கைவிட்டுவிட்டது.
வெள்ளை வேனிலிருந்து இறங்கிய ஒருவர்
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கைத்
தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்.
கூட்டம் விலகியது.
ஆம்புலன்ஸுக்கு இப்படி விலகி நான் பார்த்ததில்லை.

பிறகு தெருவில் நானும் முந்நூறு கார்களும்.
கோல் விழுந்தால் நிலம் அதிரும்,
அத்தனை அலாரமும் சேர்ந்து அலறும்.
கூரைகளைத் தட்டித் தட்டி
அடக்கிக்கொண்டே போவேன்.
அன்று மூன்று முறை அலறின,
மூன்றாவது, தொண்ணூறு நிமிடம் தாண்டி.

எல்லோரும் போனார்கள்.
ஒரு சாம்பல்நிற ரெனோ போகவில்லை.

பின் சீட்டில் ஒரு மூட்டை வெங்காயம்,
மடித்த கோட்டு.
கண்ணாடி இரண்டு விரல் திறந்திருந்தது.
பதினொன்று அடித்தது. பன்னிரண்டு.
எதிர்ச் சாரியிலிருந்து கீக்கே வந்தான்,
ரொட்டிக்குள் வைத்த பாதி சாஸேஜை நீட்டி,
நாலு வருஷத்தின் முதல் வார்த்தை:
"செத்திருப்பானோ, நேலிதா?"
"வெங்காயம் வாங்கினவன்
அவ்வளவு சீக்கிரம் சாகமாட்டான்" என்றேன்.

ஒரு மணிக்கு இழுவை வண்டி.
ஆளுக்கொரு தோள் கொடுத்து
ரெனோவை முனை திருப்பித் தள்ளினோம்.
அது போனதும்
திரும்பத் தள்ளிக் கொண்டுவந்தோம்.
நியூட்ரல். சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான்.
மூன்று மணிக்கு மழை.
கண்ணாடி இடுக்கில்
என் ஆரஞ்சுத் துணியைத் திணித்தேன்.

காலையில் முதல் பஸ்ஸிலிருந்து
நேற்றைய சட்டையோடு இறங்கினான்.
தொண்டை அறவே போயிருந்தது,
கையாலேயே கதை சொன்னான்:
ஜெயித்தோம்,
கட்டிப்பிடித்தோம்,
பாடிக்கொண்டே ஐம்பத்திரண்டு தெரு நடந்தோம்.
வீட்டில் மனைவி
வெங்காயம் எங்கே என்று கேட்டபோதுதான்
காரில் வந்தது ஞாபகம்.

இரவுக்கு மூன்று மடங்கு என்றான் கீக்கே.
அவன் பைகளைத் தட்டிப் பார்த்து,
கோட்டை உதறிப் பார்த்து,
கடைசியில் வெங்காயத்தைப் பங்கு பிரித்தான்:
எனக்குப் பதினொன்று,
கீக்கேவுக்குப் பத்து.
எண்ணிப் பார்த்த கீக்கே
மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ரெனோ கிளம்பிப் போனது,
கண்ணாடியில் என் துணியோடு.
திங்கட்கிழமை நெரிசலுக்குள்
திராட்சைக் கொத்து படபடத்தது.
பின்னால் வந்த பஸ் அதைப் பார்த்து
நின்றது,
ஒரு சாண் பின்வாங்கியது,
மறுபடியும் நின்றது.

அடுத்த ஞாயிறுக்கு
வேறு துணி கிழிக்க வேண்டும்.