மரை இடுக்கு

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
வாயை அகலத் திறந்து கிடக்கிறேன்.
கீழ்த்தாடை, வலப்பக்கம்,
நாலு வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் வைத்த
டைட்டானியம் திருகு.
பல் ஆடவில்லை. வலிகூட இல்லை.
அழுத்தினால் ஈறோரம் சீழ், அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்
டாக்டர் மெஹருன்னிஸா.
திருகைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு பள்ளம்,
மதகடியில் தண்ணீர் அரித்த மாதிரி.
"நாலு மரை வரைக்கும் எலும்பு போயிடுச்சு.
கழட்ட வேண்டாம். திறந்து சுத்தம் பண்ணிப் பார்ப்போம்."

மரத்துப்போன தாடைக்குள் நடப்பதெல்லாம்
சத்தமாக மட்டும் வருகிறது.
ஈறை மடித்து ஒதுக்கி
கொழகொழத்த சதையைச் சுரண்டி எடுத்து
பிறகு அந்தச் சின்ன பிரஷ்.
இரும்பு கூடாதாம், கீறிவிடுமாம்;
கீறலில் கிருமி மறுபடி குடியேறுமாம்.
முதல் மரை. உப்புத் தண்ணீர். இரண்டாவது மரை.
"மேலாகத் தேய்ச்சாலே பளபளன்னு ஆயிடும், கோகிலவாணி.
இடுக்குல இருக்கறதுதான் கணக்கு.
அது போனாத்தான் எலும்பு கிட்ட வரும்."

யாருக்கு வைத்துச் சொல்கிறார்?
போன மே மாதம் பதினோரு கிலோமீட்டர் வாய்க்கால்
தூர்வாரியது என் பொக்லைன்.
கரைப்புல்லை வழித்தோம்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்
நூறடி தூரம் ஒழுங்காக வெட்டிப் போட்டோ எடுத்தோம்.
மற்ற இடத்தில் ஆகாயத்தாமரையை அமுக்கிவிட்டோம்.
மேட்டூர் திறக்குமுன் பில் பாஸ்.

உறிஞ்சுகுழாய் பிடித்திருந்த கோகிலவாணி குனிகிறாள்.
"அண்ணன் வாய்க்கால் காண்ட்ராக்டர்தானே?
எனக்கு இடும்பாவனம் பக்கம்.
போன வருசம் தண்ணி வந்து சேர்றப்ப
நாத்து முத்திப்போச்சு."
குற்றம் சாட்டவில்லை,
பஸ் நேரம் சொல்கிற குரல்.
என் எச்சிலையும் ரத்தத்தையும்
தேங்கவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது
அவள் கைக் குழாய்.

பதில் சொல்ல வாயில் இடமில்லை.
இருந்திருந்தால் மட்டும்?

நாலாவது மரைக்கே இருபது நிமிடம்.
கழுத்தை ஒருதரம் சொடுக்கிக்கொண்டு
மறுபடி குனிகிறார் டாக்டர்,
எந்த என்ஜினியரும் அளக்க வராத இடத்தில்.

தையல் போட்டாயிற்று. எலும்பு வருமா?
"வரலாம். வராமலும் போகலாம்.
ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுப்போம்.
சீவலை விட்டுடுங்க."

பணம் கட்டும்போது
பஞ்சைக் கடித்த வாயோடு கோகிலவாணியிடம் கேட்டேன்,
உங்களுக்கு எந்த வாய்க்கால் என்று.
"என்னண்ணே?"
இன்னொரு தரம் கேட்டேன்.
"ஓ, பில்லா?" என்று
ஒன்று கிழித்துக் கொடுத்தாள்.