இருமல் வரும் இடம்

வையாலாவில் அப்போது ஒலிப்பதிவுக் கூடம் கிடையாது.
இறைச்சிக் கடைக்காரன் கைவிட்டுப் போன குளிர் அறைதான்.
சுவரெல்லாம் தக்கை, கூரையெல்லாம் கொக்கி,
மணிக்கு நாலு டாலர்.
நாடாவை ஓட்டியவள் நான்.

எழுபத்து நாலு, ஆகஸ்ட் குளிர்.
'டின் பிஷப்' என்று பெயர் வைத்துக்கொண்டு
நாலு பேர் வந்தார்கள்; மூவருக்கு உலை வேலை,
நாலாமவனுக்கு வேலையே இல்லை.
டிரம்ஸ் அடிக்கிற இவிட்சா
அண்ணன் ஸ்டிபானையும் கூட்டி வந்திருந்தான்,
வேன் அவனுடையது என்பதால்.

"நகரடி, நகரடி" என்று பல்லவி.
லீத் பாஸ்கோ அதை எழுதியது எந்தப் பெண்ணுக்கும் அல்ல,
காலையில் கிளம்ப மறுத்த தன் பழைய ஹோல்டனுக்கு.
அவன் யாரிடமும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

பேஸ் கிதார் இறங்கியதும்
மேலே கொக்கிகள் அத்தனையும் சிணுங்கின.
அது என்ன மணி என்று பிற்பாடு
லண்டனில் கேட்டார்கள், ஒஸாகாவில் கேட்டார்கள்,
அதே ஓசைக்காக மிஷின் மிஷினாக வாங்கினார்கள்.
பன்றி தொங்கிய இரும்பு என்றால் நம்பவா போகிறார்கள்!

இரண்டாம் சரணம் முடிந்து
எல்லாரும் கையை நிறுத்திய அந்த அரை நொடியில்
ஸ்டிபான் இருமினான்.
கோக் உலையில் பதினோரு வருஷம்;
வாயைப் பொத்தினாலும் நெஞ்சு கேட்குமா.
இன்னொரு முறை எடுக்கலாமே என்றேன்.
நாடா தீர்ந்திருந்தது.
காசும்.

அப்புறம் பாட்டு எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.
கப்பல் தளம் மூடிய அன்று
வாசலில் நின்றவர்கள் மேலாளரைப் பார்த்து
அதையே கத்தினார்கள்.
கல்யாணங்களில் மாமியார்கள் ஆடினார்கள்.
பேராசிரியை ஒருத்தி வர்க்கத்தின் குரல் என்று
நாற்பது பக்கம் எழுதினாள்.
கடைசியில் கார் பேட்டரி விளம்பரத்துக்கு ஒருவன் வாங்கினான்.
அவனுக்கு மட்டும்தான் பாட்டு சரியாகப் புரிந்தது,
தெரியாமலே.

போன வருஷம் சிட்னியிலிருந்து ஒரு பையன் பேசினான்.
மறுபதிப்பாம்.
இருமலைத் துடைத்தெடுத்துவிட்டேன் என்று பெருமை வேறு.
வசவுக் கடிதங்கள் குவிய,
ஒரே வாரத்தில் திரும்ப ஒட்டிவைத்தான்.

சனிக்கிழமை, கால்பந்து மைதானம்.
இடைவேளையில் ஒலிபெருக்கி அதைப் போடுகிறது.
அந்த அரை நொடி வந்ததும்
ஆயிரத்து இருநூறு பேர், சிப்ஸ் பொட்டலமும் கையுமாக,
பொடிசுகள்கூட, ஒன்றாக இருமுகிறார்கள்.
மூன்றாம் வரிசையில் ஸ்டிபானின் மனைவி லூபிட்சா.
அவள் இருமுவதில்லை.
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து
மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்,
பாட்டு முடிகிறவரை.