பொந்து

தவாய்க்குத் தெற்கே இரண்டு நாள் நடை.
மரக் கம்பெனிக்குக் காடு எண்ணும் வேலை.
ஒருவன் நாடா பிடிப்பான்,
ஒருவன் சிவப்புச் சாயம் பூசுவான்,
நான் எழுதுவேன்:
சுற்றளவு, சாதி, எண்.
அட்டைக்குக் கொடுத்த ரத்தத்துக்குக் கணக்கில் கட்டம் இல்லை.

கரேன் சனங்களின் பேச்சில்
தீ என்றால் தண்ணீர்.
முதல் நாள் வழிகாட்டி "தீ, தீ" என்று கை நீட்டியதும்
பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு
திரும்பி ஓடினேன்.
அவன் காட்டியது ஓடை. முழங்கால் அளவு குளிர்ச்சி.
எல்லோரும் சிரித்தார்கள்,
மேலே கிளை மாறிக்கொண்டிருந்த கிப்பன் குடும்பம் உட்பட.

நானூற்றுப் பதினாறு, படாக்.
அடுத்தது கனியின். நான்கு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன்.
உச்சிப் பக்கம் மண் பூசி அடைத்த பிளவில்
பழம் ஊட்டிவிட்டுப் பறந்தது ஆண் இருவாச்சி,
மலையேறும் பழைய லாரியின் மூச்சோடு.
கீழே கொடியால் கட்டிய ஒரு மூங்கில் குழாய்.
தேன் என்று கை வைத்தான் சாயக்காரன்.

"அது என் தம்பி"
என்றாள் நாவ் மூ வா.
முதுகுக் கூடையில் பாக்கு. குரலில் சண்டை இல்லை.
பிறந்ததும் அறுத்த கொடியைக் குழாயில் இட்டு
மரத்தில் கட்டிவிடுவார்களாம்.
மரம் விழுந்தால் ஆளும் விழுவான்.
"அந்த வளைந்தது நான்.
மின்னல் அடித்தது சின்ன மாமா,
அவருக்கும் ஒரு கை தூக்க வராது."
தம்பி எங்கே?
"தாய்லாந்தில், மீன் டப்பா ஆலையில்.
போனில் முதலில் கேட்பது,
இருவாச்சி வந்ததா?"

தொப்புள்கொடி.
எங்கள் மொழியில் அது மேடைச் சொல்.
கைதட்டியபின் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.
என்னுடையதை வெள்ளித் தாயத்தில் அடைத்து
அரைஞாணில் கோத்திருந்தார்களாம்.
அரிசி விலை ஏறிய வருடம்
தவாய்க் கடைத்தெருவில் அடகு போனது.
மீட்கவில்லை. உருக்கியிருப்பார்கள்.
யார் காலில் கொலுசாக நடக்கிறேனோ.

ஓடைக்கு அப்பாலிருந்து மேஸ்திரி கத்தினார்:
"நானூற்றுப் பதினேழு என்ன சாதி?"

"பொந்து" என்றேன்.
பொந்து மரத்துக்கு எண் கிடையாது.
அது பொய்யில்லை, உள்ளே ஒரு பெண்பறவை
அடைகாத்துக்கொண்டிருந்தது.
அதற்குப் பிறகு அந்தச் சரிவில் சொன்ன
முப்பதும் பொய்.
சாயக்காரன் என்னை ஒருமுறை பார்த்தான்,
தூரிகையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் வேறு கணக்கன் வரலாம்.
பங்குனியில் தீ வரும் என்கிறார்கள்.
எந்தப் பேச்சில் என்று கேட்டுக்கொள்ளவில்லை.