வியாழன், கடைசி வகுப்பு

பன்னிரண்டு வருடமாக ஒரே பொம்மைக்குத்தான்
ஞானஸ்நானம். முடி பாதி கொட்டிவிட்டது.
மெர்தெரில் மழை;
விளையாடப் போகாத நான்காம் வகுப்பு கொதிக்கிறது.

இன்றைக்குப் பாதிரியார் ஸுபைர்.
என் மழைக்கோட்டு அவனுக்கு அங்கி,
சாலட் கிண்ணம் தொட்டி.
"குழந்தையின் பெயர்?"
அட்டையைப் பார்த்துப் படிக்கிறான்.

போன வருடம் பீட்சா என்றார்கள்.

மெரெரித் எழுந்து,
"எம்ரிஸ்" என்கிறாள்.

மார்ச்சில் அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து
வெறுங்கையோடு வந்தது ஸுபைருக்குத் தெரியாது.
மூன்று முறை ஊற்றுகிறான்,
கண்ணில் விழாமல் இடக்கையால் அணைகட்டி.

தாளில் கேள்வி: தண்ணீர் எதற்கு?
என் விடைக்குறிப்பில் 'பாவம் கழுவ'.
அவள் எழுதியிருப்பது:
பேர் ஒட்டிக்கொள்ள.

சர்ச் பக்கமே போகாதவள் நான்.
பொம்மையைப் பெட்டியில் போட மனமில்லாமல்
ஹீட்டர் மேல் படுக்கவைத்துவிட்டு
பச்சைப் பேனாவைத் தேடுகிறேன்.